தபால்வழிச் சதுரங்கம்

சதுரங்கம் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் ஆட்டம் என்பதே பொதுவான எண்ணம். இருவருக்கும் நடுவே ஒரு பலகை. பக்கத்துக்குப் பதினாறாக முப்பத்திரண்டு காய்கள். எதிரியின் முகக்குறிப்பை நோக்கி அவன் கருத்தை அறிய முயல்வதும் அவ்வாட்டத்தின் ஒரு பகுதியே. ஆயினும், எதிரியின் முகத்தை ஒரு முறையேனும் காணாமல், அவன் குரலையும் கேளாமல், மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் ஆடப்பட்ட சதுரங்கம் ஒன்றும் உலகில் உண்டு. ஆடுவோர் இருவருக்கும் இடையே மலைகளும் கடல்களும் கிடக்கும். ஒருவரது நகர்வை மற்றவரிடம் கொண்டு சேர்ப்பது கடிதம். பின்னர் தபாலட்டையும், தந்தியும், வானொலியும் அப்பணியை மேற்கொண்டன. ஆதலின், இவ்வாட்டத்தின் வரலாறு ஒருவகையில் தபாலின் வரலாறாகும். மற்றொருவகையில் நோக்கின், காணாத ஒருவரை நம்பும் வரலாறும் அதுவே.

தபால்வழிச் சதுரங்கத்தின் முறை எளிது. ஆடுவோர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலே ஒரு பலகையை விரித்துக் காய்களை அடுக்கிவைப்பர். தொடங்குபவர் தமது முதல் நகர்வைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார். பெற்றவர் அதனைத் தமது பலகையிலும் நிகழ்த்தி, விடையாகத் தமது நகர்வை எழுதுவார். நேரில் ஆடும்போது ஒரு காயைத் தொட்டால் அக்காயையே நகர்த்த வேண்டும் என்பது விதி. தபாலாட்டத்திலோ, காயை ஆயிரம் முறை தொடலாம், நகர்த்திப் பார்க்கலாம், மீண்டும் பழைய இடத்தில் வைக்கலாம். நூல்களைப் புரட்டவும் தடையில்லை. ஆனால், எழுதிய நகர்வு தபாற்பெட்டியினுள் விழுந்துவிட்டால் அதற்கு மாற்றம் இல்லை. வில்லினின்றும் விடுபட்ட அம்பு போன்றது அது.

இவ்வாறு ஆடப்பட்டுக் குறிப்போடு எஞ்சியுள்ள ஆட்டங்களில் மிகப் பழையன 1804 ஆம் ஆண்டுக்குரியன. ஒல்லாந்தில் படைத்துறை அதிகாரியாய் இருந்த மொவில்லோன் என்பவர், ஹேக் நகருக்கும் பிரேடா நகருக்கும் இடையே தம் நண்பரோடு கடிதமூலம் அவற்றை ஆடினார். எனினும், இவ்வாட்டத்தைப் பலரும் அறியச் செய்தது அதற்கு இருபது ஆண்டுகளின் பின்னர் நிகழ்ந்த ஒரு போட்டியேயாகும்.

1824 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவின் சதுரங்கக் கழகம், இலண்டன் சதுரங்கக் கழகத்தைக் கடிதவழி ஆட்டத்துக்கு அழைத்தது. எடின்பரோக் கழகம் தோன்றி அப்போது இரண்டே ஆண்டுகள் சென்றிருந்தன. இலண்டன் கழகமோ பிரித்தானியாவின் சிறந்த ஆட்டக்காரர் பலரைத் தன்னகத்தே கொண்டது. இருநகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ நானூறு மைல். இருப்புப்பாதை இல்லாத காலமாதலால் குதிரை பூட்டிய தபால் வண்டியே கடிதத்தைச் சுமந்து சென்றது. இவ்வாறு ஐந்து ஆட்டங்கள் நிறைவுற 1828 ஆம் ஆண்டு வந்துவிட்டது. அவற்றுள் இரண்டில் எடின்பரோ வென்றது. ஒன்றில் இலண்டன் வென்றது. எஞ்சிய இரண்டும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. பரிசாக வைக்கப்பட்ட வெள்ளிக் கிண்ணம் எடின்பரோக் கழகத்தைச் சேர்ந்தது. அப்போட்டியிற் கையாளப்பட்ட தொடக்க முறை ஒன்று 'ஸ்கொத்லாந்து ஆட்டம்' என்னும் பெயரோடு இன்றும் சதுரங்க நூல்களில் வழங்குகின்றது.

அப்போட்டியில் எழுந்த ஒரு பிணக்கு இங்கே கருதத்தக்கது. இலண்டன் கழகத்தார் தாம் அனுப்பிய நகர்வு ஒன்று தவறானது என்பதைப் பின்னர் உணர்ந்தனர். அதனை மீளப்பெற விரும்பி எடின்பரோவுக்கு எழுதினர். எடின்பரோவினர் இசையவில்லை. எழுதி அனுப்பியது அனுப்பியதே என்பது அவர்கள் நிலை. அவ்வாட்டத்தை இலண்டன் இழந்தது. போட்டி முடிந்த பின்னரும் இருதரப்பாரும் இதுபற்றி அச்சிலே வாதிட்டனர். இரக்கமற்ற செயல் என்று இதனைக் கருதுவாரும் இருக்கலாம். ஆனால், நடுவர் ஒருவர் அருகிலில்லாத ஆட்டத்திலே எழுத்தைத் தவிர வேறு சான்று யாது? ஒருமுறை எழுத்தைத் தளர்த்தினால், மறுமுறை எதனைப் பற்றி நிற்பது? தபால்வழிச் சதுரங்கத்தின் முதற் பெரும் விதி இவ்வாறு ஒரு பிணக்கிலே உறுதி பெற்றது.

இலண்டன் போட்டி முடிவுற்ற காலத்திலேயே தமிழகத்தின் கரையிலும் இத்தகைய போட்டி ஒன்று நடைபெற்றது என்பது பலரும் அறியாத செய்தி. 1828, 1829 ஆம் ஆண்டுகளில் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே கடிதமூலம் இரண்டு ஆட்டங்கள் ஆடப்பட்டன. சென்னைத் தரப்பின் ஆட்டத்தை முதன்மையாக நடத்தியவர் குலாம் காசிம் என்னும் சென்னைவாசி. அவருக்குத் துணைநின்றவர் சென்னை அரசாங்க சேவையைச் சேர்ந்த ஜேம்ஸ் கொக்ரேன். முந்நூறு மைலுக்கு மேற்பட்ட அவ்வழியிலே, அந்நாளைய தபாலைக் கொண்டு சென்றவர் ஓட்டக்காரர். ஒருவர் தமக்குரிய தூரத்தை ஓடி முடித்ததும், பையை அடுத்தவரிடம் ஒப்படைப்பார். வெயிலென்றும் மழையென்றும் பாராது ஓடிய அம்மனிதருட் பலர், தாம் சுமந்த பையினுள்ளே ஒரு குதிரையும் ஒரு காலாளும் பயணஞ்செய்வதை அறிந்திரார்.

போட்டியிற் சென்னை வெற்றியீட்டியது. 1829 ஆம் ஆண்டிலே காசிமும் கொக்ரேனும் இணைந்து சென்னையில் ஒரு நூலை வெளியிட்டனர். குதிரையொன்றைப் பலிகொடுத்துத் தாக்குதலில் வேகம் பெறும் முசியோ என்னும் தொடக்க முறையின் ஆராய்ச்சி அந்நூல். ஐதராபாத்துடன் ஆடிய ஆட்டங்களும் அதன்கண் இடம்பெற்றன. அம்முறையோடு தொடர்புடைய ஒரு கிளைக்குக் காசிமின் பெயரே இன்றளவும் வழங்குகின்றது. இந்திய வழக்கிலே காலாள் பொதுவாக முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய விதியிலோ இரண்டு கட்டம் செல்லலாம். இத்தகைய வேறுபாடுகளைக் கற்றுத் தேர்ந்து, அயலார் விதியிலேயே நூல் செய்யும் அளவுக்கு உயர்ந்த ஒருவரது புலமைக்குத் தபாலாட்டம் சான்றாய் நிற்கின்றது. நேரில் ஆடிய எத்தனையோ நல்லாட்டங்கள் ஆடியவரோடு மறைந்தன. கடிதவழி ஆட்டமோ, ஒவ்வொரு நகர்வும் எழுதப்பட்டமையால் தானாகவே ஏடாயிற்று.

1834 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்தார் இலண்டனோடு கடிதவழி ஆடினர். அரசனுக்கு முன்னுள்ள காலாளை இலண்டன் இரண்டு கட்டம் நகர்த்தியபோது, பாரிஸ் தனது காலாளை ஒரே கட்டம் நகர்த்தி விடையிறுத்தது. அடக்கமான அந்த விடை பலருக்கு வியப்பாயிருந்தது. 1836 இல் முடிவுற்ற அப்போட்டியின் இரு ஆட்டங்களையும் பாரிஸே வென்றது. 'பிரெஞ்சுத் தற்காப்பு' என்று உலகெங்கும் வழங்கும் முறை அவ்வாறு பெயர் பெற்றதாகும்.

இதுவரை கூறியவை கழகங்களுக்கும் நகரங்களுக்கும் இடையே நிகழ்ந்தவை. தனிமனிதர் பலர் இவ்வாட்டத்தில் இறங்காமைக்குக் காரணம் செலவேயாகும். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாள் கடிதம் ஒன்று செல்ல ஒரு ஷில்லிங்குக்கு மேற் கட்டணமாயிற்று. தூரம் கூடினாலும் தாள் கூடினாலும் கட்டணமும் கூடும். ரோலண்ட் ஹில் என்பாரின் முயற்சியால் 1840 ஆம் ஆண்டிலே பிரித்தானியா முழுவதற்கும் ஒரு பென்னி என்னும் ஒரே கட்டணம் ஏற்பட்டது. 1869 இல் ஒஸ்திரியா–ஹங்கேரி நாடு உலகின் முதலாவது தபாலட்டையை வெளியிட்டது. அடுத்த ஆண்டிலே பிரித்தானியா அரைப் பென்னி அட்டையைக் கொணர்ந்தது. இந்தியாவிலே 1879 இல் காலணா அட்டை வந்தது. சதுரங்க நகர்வுக்கு அட்டையினும் ஏற்ற தாள் வேறில்லை. எழுதவேண்டியது ஒரு வரி, மறைக்கவேண்டியது யாதுமில்லை. சில்லறைக் காசோடு இராசாவும் இராணியும் நாடு கடக்கலாயினர். பள்ளி ஆசிரியரும், எழுதுவினைஞரும், தொலைவிலுள்ள சிற்றூர் வைத்தியரும் ஆட்டக்காரராயினர். 1889 இல் பாரிஸ் வார இதழ் ஒன்று பலர் பங்குபற்றும் கடிதவழிப் போட்டியை நடத்தியது. ஒஸ்திரியாவைச் சேர்ந்த யோகான் பேர்கர் அதில் முதலிடம் பெற்றார்.

சிற்றூரில் வாழ்ந்த ஓர் இளைஞனுக்குத் தபாற்கந்தோர் எவ்வாறு பள்ளிக்கூடமாயிற்று என்பதற்குப் போல் கெரெஸ் நல்ல எடுத்துக்காட்டு. 1916 இற் பிறந்த அவர் எஸ்தோனியாவின் பேர்னு என்னும் சிறிய கடற்கரைப் பட்டினத்தில் வளர்ந்தவர். தமக்கு நிகராக ஆடவல்லார் அங்கே அரியராயிருந்தமையால் அவர் தபாலை நாடினார். ஒரு காலத்தில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆட்டங்களை ஒரே வேளையில் கடிதமூலம் நடத்தினார். புதிய தொடக்க முறைகளை ஆராய்வதற்கு அவ்வாட்டங்களே அவருக்குச் சோதனைக்களமாயின. அவ்விளைஞர் 1938 இல் ஒல்லாந்திலே உலகின் தலைசிறந்த எண்மர் பங்குபற்றிய போட்டியில் முதலிடத்தை மற்றொருவரோடு பகிர்ந்துகொண்டார். பேரூரிற் பிறவாமை கல்விக்குத் தடையன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

கடிதம் நடந்துகொண்டிருக்கையிலே தந்தி பறக்கத் தொடங்கியது. 1844 ஆம் ஆண்டிலே வோஷிங்டன், பால்டிமோர் ஆகிய இரு நகரங்களுக்கும் இடையே புதிதாக இடப்பட்ட தந்திக்கம்பி வழியாகச் சதுரங்கம் ஆடிப்பார்த்தனர். 1845 இல் ஹோவார்ட் ஸ்டோன்டன் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கொஸ்போர்ட்டில் இருந்துகொண்டு இலண்டனில் இருந்தோரோடு தந்திவழி ஆடினார். பின்னர்க் கடலடிக் கம்பிகள் கண்டங்களை இணைத்தன. அக்காலத்து உலக வீரராகிய ஸ்டெயினிட்ஸ் வெளியிட்ட நூலொன்றிலே சில முறைகளைச் சிறந்தன என்று கூறியிருந்தார். உருசியாவின் சிகோரின் அதனை ஏற்கவில்லை. வாதத்துக்கு முடிவு காண 1890, 1891 ஆம் ஆண்டுகளில் நியூயோர்க்குக்கும் சென் பீற்றேர்ஸ்பேர்க்குக்கும் இடையே இருவரும் தந்திமூலம் இரண்டு ஆட்டங்கள் ஆடினர். இரண்டிலும் சிகோரினே வென்றார். அறிஞர் இருவரின் கருத்து வேற்றுமை ஏசலாக முடியாமல், ஆட்டத்தினாலே தீர்க்கப்பட்டமை போற்றத்தக்கது.

வானொலி நேயர்களுக்கு ஆர்வமூட்டும் போட்டி ஒன்று 1945 செப்டெம்பர் முதலாம் திகதி தொடங்கி நான்காம் திகதி வரை நடைபெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் பதின்மர் நியூயோர்க்கிலும், சோவியத் நாட்டின் பதின்மர் மொஸ்கோவிலும் அமர்ந்தனர். நகர்வுகள் வானலைகளிலே சென்றன. பதினைந்தரைக்கு நாலரை என்னும் புள்ளிகளால் சோவியத் அணி வென்றது. அப்போட்டியின் இரண்டாம் நாளிலேதான் யப்பான் சரணாகதிப் பத்திரத்திற் கையொப்பமிட்டது. உலகப் போர் முடிவுற்ற அதே நாளில் இரு வல்லரசுகளின் மைந்தர் மரக்காய்களைக்கொண்டு பொருதனர். பின்னர் 1970 ஆம் ஆண்டு ஜூன் 9 ஆம் திகதி சோயுஸ் 9 விண்கலத்திலிருந்த இருவர், பூமியிலிருந்த தோழரோடு வானொலிமூலம் ஓர் ஆட்டம் ஆடினர். அது வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

போர்க்காலம் இவ்வாட்டத்துக்குக் கொடியதாயிற்று. சதுரங்க நகர்வுகள் எண்ணும் எழுத்தும் கலந்து எழுதப்படுவன. அறியாதார் கண்ணுக்கு அவை ஒற்றரின் மறைகுறிகளாகவே தோன்றும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தணிக்கை அதிகாரிகள், வெளிநாடுகளோடு தபால்வழிச் சதுரங்கம் ஆடுவதைத் தடைசெய்தனர். ஐயம் நியாயமானதே எனலாம்; ஆயினும் அதன் விளைவு துயரமானது. ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதிவந்த எதிரிகள், உண்மையிலேயே எதிரி நாட்டவராயினர். பாதியில் நின்றன ஆட்டங்கள். பல ஆட்டக்காரரின் விடை பின்னர் வரவேயில்லை.

போர் ஓய்ந்தபின் அறுந்த இழையை மீண்டும் முடிந்தனர். 1951 ஆம் ஆண்டிலே அனைத்துலகக் கடிதவழிச் சதுரங்கச் சம்மேளனம் அமைக்கப்பட்டது. 'நாம் நண்பர்கள்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரை அது தன் விருதுவாக்காகக் கொண்டது. பல்வேறு மொழியினர் ஒருவரோடொருவர் ஆட எண்குறி முறை பெரிதும் உதவியது. பலகையின் நிரல்களுக்கு இடமிருந்து வலமாக ஒன்று முதல் எட்டு வரையும், வரிசைகளுக்குக் கீழிருந்து மேலாக ஒன்று முதல் எட்டு வரையும் எண்ணிடுவர். அரசனின் காலாள் ஐந்தாம் நிரலின் இரண்டாம் வரிசையிலிருந்து அதே நிரலின் நான்காம் வரிசைக்குச் செல்வதானால், 5254 என்று எழுதினால் அமையும். மொழி அறியாத இருவர் நான்கே எண்களால் உரையாட இதனால் இயன்றது. பத்து நகர்வுகளுக்கு முப்பது நாள் என்பது வழக்கமான கால அளவு. அட்டை வழியிலே கழிக்கும் நாட்கள் அக்கணக்கிற் சேரா. அட்டையின்மேல் விழும் தபால் முத்திரைத் திகதியே அதற்குச் சாட்சி.

முதலாவது கடிதவழி உலக வெற்றிவீரர் என்னும் பட்டத்தை அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பேர்டி 1953 இற் பெற்றார். ஐரோப்பியச் சதுரங்க மண்டபங்களுக்கு நெடுந்தொலைவில் வாழ்ந்த ஒருவர் முதற்பட்டம் பெற்றது, தூரத்தைப் பொருட்படுத்தாத இவ்வாட்டத்துக்குப் பொருத்தமே. நேரில் ஆடி 1956 இல் உலகப் பெண்கள் பட்டத்தை வென்ற ஒல்கா ருப்த்சோவா, 1972 இல் நிறைவுற்ற முதலாவது பெண்கள் கடிதவழிப் போட்டியிலும் பட்டம் பெற்றார்.

தபாலின் மெல்லிய நடையினால் விளைந்த ஒரு விந்தையையும் குறிப்பிடல் தகும். 1987 இல் நாடுகளுக்கிடையிலான பத்தாவது கடிதவழி ஒலிம்பியாட்டின் இறுதிச்சுற்று தொடங்கி, 1995 இல் முடிவுற்றது. சோவியத் நாடு முதலிடமும், கிழக்கு ஜேர்மனி மூன்றாமிடமும் பெற்றன. ஆனால், கிழக்கு ஜேர்மனி 1990 இலும் சோவியத் நாடு 1991 இலும் உலகப் படத்திலிருந்தே மறைந்துவிட்டன. அரசுகள் வீழ்ந்தன, எல்லைகள் மாறின, ஆயினும் தொடங்கிய ஆட்டத்தை எவரும் கைவிட்டிலர். நாடு தந்த பெயர் அழிந்தபின்னும், எழுதித் தந்த வாக்கு நின்றது.

இறுதியாக இவ்வாட்டத்தை எதிர்நோக்கிய சோதனை கணினியாகும். அதனை நாம் ஹான்ஸ் பேர்லினர் என்பாரின் வாழ்க்கையிலேயே காணலாம். 1929 இல் பேர்லினிற் பிறந்த அவர், 1937 இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். 1965 முதல் 1968 வரை நடந்த ஐந்தாவது உலகக் கடிதவழிப் போட்டியில், பதினாறு ஆட்டங்களில் பன்னிரண்டை வென்று, நான்கைச் சமமாக்கி, ஒன்றிலும் தோல்வியுறாது பட்டம் பெற்றார். அவரே பின்னர்க் கணினித்துறைப் பேராசிரியராகிச் சதுரங்கம் ஆடும் இயந்திரங்களை உருவாக்கினார். அவர் அமைத்த 'ஹைடெக்' என்னும் இயந்திரம் 1988 இல் ஆர்னல்ட் டெங்கர் என்னும் பெருவீரரை வென்றது. 1997 இல் வேறொரு நிறுவனத்தின் 'டீப் புளூ' உலக வீரர் கஸ்பரோவையே வென்றது. தனிமையிலிருந்து சிந்திப்பதில் தலைசிறந்த மனிதரே, மனிதன் சிந்திக்கவேண்டிய தேவையைக் குறைக்கும் கருவிக்கும் வழிகோலினார்.

இன்று அட்டைகள் அருகிவிட்டன. நகர்வுகள் இணையத்தின் வழியே நொடியிற் சென்று சேர்கின்றன. அனைத்துலகச் சம்மேளனம் கணினியின் உதவியை ஒப்புக்கொண்டுவிட்டது. தடைசெய்தாலும் காவல் செய்தல் அரிது என்பதே அதன் காரணம். இதனால் உயர்ந்த போட்டிகளில் மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிகின்றன. பிழை குறைந்தது, அதனோடு வெற்றியும் குறைந்தது. மற்றொருபுறம், சில நாடுகளின் சங்கங்கள் கணினியை நாடலாகாது என்று இன்றும் விதித்துள்ளன. அவற்றில் ஆடுவோர் தத்தம் வாக்கையே காவலாகக் கொள்கின்றனர்.

இருநூறு ஆண்டுகளாகத் தபால் வண்டியும், ஓட்டக்காரனும், தந்தியும், வானொலியும், கணினியும் மாறி மாறி வந்தும், இவ்வாட்டத்தின் அடிப்படை வினா மாறவில்லை. கதவு அடைத்த அறையிலே, எவரும் காணாதபோது, ஒருவன் தன் வாக்கைக் காப்பானா என்பதே அவ்வினா. மரப்பலகையின்மேல் வெற்றி யாருக்கு என்பதை அரசன் வீழ்தல் காட்டிவிடும். இவ்வினாவுக்கு விடையை ஆடுபவனின் நெஞ்சம் மட்டுமே அறியும். தபால்வழிச் சதுரங்கம் ஆடிய எண்ணற்றோர், முகமறியாத ஒருவரின் நேர்மையை நம்பி ஓர் அட்டையை எழுதிப் பெட்டியில் இட்டுவிட்டு, விடைக்காகக் காத்திருந்தனர். பெரும்பாலும் அவ்விடை வந்துசேர்ந்தது.